கௌரிக்குப் போடாத இரண்டாவது ஊசி

மைசூர் ஹெப்பாளில் எங்கள் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போன பஸ்களில் மூன்றாம் நம்பர் பஸ்ஸை அவர்தான் ஓட்டினார். காலை ஐந்தே முக்காலுக்கு என் நிறுத்தம். நான் ஏறும்போது பஸ் பாதி காலியாக இருக்கும். டிரைவருக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை சீட்டில் உட்காருவேன். வேறெங்கே உட்கார்ந்தாலும் எனக்குக் குமட்டும். அப்படி வந்த பழக்கம்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, எல்லாரையும் போல நானும் அண்ணா என்பேன். அவர் தன் பஸ்ஸில் ஏறும் பெண்கள் அத்தனை பேரையும், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணிலிருந்து ரிட்டயராகப் போகிறவர் வரைக்கும், அம்மிணி என்பார். கொள்ளேகால் தாண்டி, தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற ஹனூர்ப் பக்கத்துக்காரர். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அந்தத் தமிழ் முதலில் சிரிப்பாக இருந்தது. பாதிக் கன்னடம் கலந்த என் தமிழ் அவருக்கு அதைவிடச் சிரிப்பாக இருந்திருக்கும்.

எதையும் முன்கூட்டியே செய்துவிடுகிற மனிதர் அவர். மழைக்கு ஒரு மாதம் இருக்கும்போதே வைப்பர் ரப்பரை மாற்றிவிடுவார். டயர் தேயப்போகிறது என்று ஆபீஸ் வாசலில் போய் நிற்பார். தீபாவளிக்கு ஊருக்குப் போக ஆவணியிலேயே லீவு எழுதிக் கொடுத்துவிடுவார். முதலுதவிப் பெட்டியில் பஞ்சு, மருந்தோடு நாப்கின் பாக்கெட் ஒன்றும் எப்போதும் இருக்கும். பெண்கள் ஏறும் பஸ், யாருக்காவது வழியில் தேவைப்படும் என்று அவர் மனைவி வாங்கிக் கொடுத்தது. அதைச் சொல்லும்போது மட்டும் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

ஒருநாள் ரிங் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டி எங்கள் எல்லாரையும் இறக்கிவிட்டார். பிரேக் மிதிக்கும்போது காலில் ஏதோ வித்தியாசமாகப் படுகிறதாம். மெக்கானிக் வந்து பார்த்து முடிப்பதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது. எல்லாருக்கும் அரை நாள் சம்பளம் போகும் என்று பெண்கள் கன்னடத்தில் அவரைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றுமே இல்லை, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார்.

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு நேரம்?" என்று நானே கேட்டுவிட்டேன்.

"ஒண்ணுமில்லைன்னு இப்பத்தானே அம்மிணி தெரிஞ்சுது" என்றார் அவர்.

அவர் மனைவியை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ஆயுத பூஜையன்று பஸ்ஸுக்கு மாலை போட்டு பூசணிக்காய் உடைக்க மகளையும் கூட்டிக்கொண்டு கம்பெனி ஷெட்டுக்கு வந்திருந்தார். குட்டையான உருவம், வாயை மூடாமல் பேச்சு, பேச்சுக்கு நடுவில் சிரிப்பு. பிறந்த வீடு பாலாற்றுக்கு அக்கட்ட, தமிழ்நாட்டுப் பக்கம்.

"இவரைப் பத்திக் கேளுங்க. கௌரி வயித்துல இருக்கையில எட்டாம் மாசமே ஆஸ்பத்திரி வாசல்ல பாய் போட்டுப் படுத்துக்கிட்டாருங்க. நர்சம்மா வந்து, யோவ், உம்பட பொண்டாட்டி எங்கய்யான்னு கேக்கறாங்க. நான் ஊட்ல தூங்கிட்டிருக்கறேன்!"

கௌரி அப்போது ஏழாம் வகுப்பு. அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, "சாகம்மா" என்று கன்னடத்தில் அதட்டினாள். போதும் என்று அர்த்தம். அப்பாவும் மகளும் தங்களுக்குள் கன்னடத்தில்தான் பேசிக்கொள்வார்கள்.

அடுத்த வருஷம் மூன்றாம் நம்பர் பஸ்ஸை வேறு ஒருவர் ஓட்டிக்கொண்டு வந்தார். அண்ணாவுக்கு என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. சில மாதங்கள் கழித்து மொட்டைத்தலையோடு திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது. அவர் மனைவிக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். ஆஸ்பத்திரிக்குப் போனபோதே ரொம்பப் பரவியிருந்தது. தினமும் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். தீபாவளிக்கு முன்னால் அந்த அம்மா போய்விட்டார்.

காலை இருட்டில் என் நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் நடுவில், கொஞ்சம் கொஞ்சமாக, பல நாள்களில் அவர் சொன்னது இது. ஒரு வருஷத்துக்கு மேலாகவே அந்த அம்மாவுக்குத் தீட்டு இல்லாத நாளிலும் ரத்தம் பட்டிருக்கிறது. இடுப்பு வலி. உடம்புச் சூடு, அதனால்தான் என்று தானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு, துணியை அவர் வேலைக்குப் போன பிறகு துவைத்துக் காயப்போட்டு, வருவதற்குள் மடித்து வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொன்னவர் புருஷனிடம் சொல்லவில்லை.

"ஏன் புள்ள எங்கிட்டச் சொல்லுலன்னு கேட்டனுங் அம்மிணி. ஆம்பளகிட்ட இதையெல்லாம் எப்பிடிச் சொல்றதுங்கறா. பதினாலு வருசம் ஒரே பாயில படுத்திருக்கறோம்."

அதற்குப் பிறகு அவர் கேட்க ஆரம்பித்தார். பெண்கள் ஏறும்போதும் இறங்கும்போதும், "அம்மிணி, உங்க புள்ளைக்கு எத்தன வயசாச்சு?" என்பார். ஒன்பது, பத்து, பன்னிரண்டு என்று யாராவது சொல்லிவிட்டால் விடமாட்டார். இந்த நோய் ஒரு கிருமியால் வருவது, அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, சின்ன வயசிலேயே போட்டுவிட வேண்டும், ஆறு மாதம் விட்டு இன்னொன்று. பிறகு, "நீங்களும் ஒருக்கா போய்ப் பாத்துக்கோங்க. வலிக்காது, சித்த நேரந்தான்." ஒரு ஆண், அதுவும் பஸ் டிரைவர், கர்ப்பப்பை வாய் என்று வாய்விட்டுச் சொன்னதும் சின்னப் பெண்கள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கல்யாணமானவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பொய் சொல்லக் கூடாது.

ஆனால் எனக்கும் பதினொரு வயசில் ஒரு மகள் இருந்தாள். ஷைனி. ஒரு மாதம் அவர் பேச்சைக் கேட்ட பிறகு என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது, நீ விசாரிச்சுப் பாத்துக்கோ" என்றார். எங்கள் சர்ச்சுக்கு வருகிற ஒரு நர்ஸ் சிஸ்டரைக் கேட்டேன். அவர் வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரியிலேயே ஊசி இருந்தது. ஒரு சனிக்கிழமை ஷைனியைக் கூட்டிக்கொண்டு போனபோது, வரச்சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே அவரும் கௌரியும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டு பேருக்கும் அடுத்தடுத்து ஊசி போட்டார்கள். ஷைனி அழுதாள். கௌரி அழவில்லை. அவளுக்குப் பதிமூன்று நடந்துகொண்டிருந்தது. அம்மா இறந்த பிறகு அவள் எதற்கும் அழுவதில்லை என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். பெண்கள் இருவரும் வெளியே பெஞ்சில் கையை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் உள்ளே நின்று சிஸ்டரிடம் கேட்டார்.

"சிஸ்டர், இந்தக் கிருமி பொம்பளைக்கு எங்கிருந்து வருது?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார். பிறகு, இது உடலுறவு வழியாகப் பரவும் கிருமி, உலகத்தில் ரொம்பப் பேருக்கு ஒரு தடவையாவது வந்துபோகும், வந்ததே தெரியாது, பெரும்பாலும் தானாகவே போய்விடும், சிலருக்குத்தான் தங்கிப் பல வருஷம் கழித்துப் புற்றாகிறது என்று பொறுமையாகச் சொன்னார். "யாரையும் குத்தம் சொல்றதுக்கில்ல. யார்கிட்டயிருந்து எப்போ வந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றும் சொன்னார்.

அவர் அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை காலை நான் ஏறியதும், வண்டியை எடுக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "கல்யாணத்துக்கு மின்னால நான் லாரி ஓட்டுனவனுங் அம்மிணி. அந்தக் காலத்துல நல்லவனா இல்ல. அவ எங்கூட்டுக்கு வரையில பத்தொம்பது வயசு. அவளுக்கு என்ன தெரியும்? எங்கிட்டயிருந்துதான் போயிருக்குது."

"சிஸ்டர்தான் அப்படிச் சொல்ல முடியாதுன்னாங்களே அண்ணா."

"அவங்களால முடியாது. என்னால முடியும்" என்று சொல்லி கியரைப் போட்டார்.

இரண்டாவது ஊசிக்குத் தேதி வந்தபோது ஷைனியோடு நான் போனேன். அவர் வரவில்லை. கௌரி மைசூரில் இல்லை. அதிகாலை நாலு மணிக்கு வேலைக்குப் போய்விடுகிற அப்பாவோடு வயசுக்கு வந்த பெண்ணைத் தனியாக விட முடியாது என்று தாய்மாமன் வந்து பாலாற்றுக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதில் தப்புச் சொல்லவும் முடியவில்லை. அவரே பெட்டியைத் தூக்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார். ஊசிக்குத் தேதி வந்தால் அழைத்துவரலாம் என்று நினைத்திருந்தார். மாமன் அனுப்பவில்லை. போன் செய்தால், பார்க்கலாம் பார்க்கலாம் என்று வைத்துவிடுகிறாராம்.

"நீங்க ஒருக்கா வாங்க அம்மிணி. பொம்பள சொன்னா மச்சான் சம்சாரம் கேக்கும். உங்க புள்ளைக்கும் போட்டிருக்கறீங்கல்ல" என்றார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் அவரோடு கிளம்பினேன். கொள்ளேகால், மாதேஸ்வரன் மலை, காட்டுக்குள்ளே வளைந்து வளைந்து பாலாறு. எனக்கு நாலு தடவை வாந்தி. அவர் பையிலிருந்து ஒவ்வொரு தடவையும் ஒரு பிளாஸ்டிக் கவரும் தண்ணீரும் எடுத்துக் கொடுத்தார். மேட்டூரில் ஒரு ஆஸ்பத்திரியில் விசாரித்து ஊசியைத் தருவித்து வைக்கவும் ஏற்பாடு செய்திருந்தார். மாமன் தலையை ஆட்டினால் போதும்.

வீட்டு முன்னால் நிலக்கடலைக் கொடி காய்ந்துகொண்டிருந்தது. மாமனின் மனைவி எனக்கு மட்டும் காப்பி கொண்டுவந்து வைத்தார். அண்ணாவுக்கு வைக்கவில்லை. எனக்கு அந்த டம்ளரை எடுக்கவும் முடியவில்லை, அப்படியே விடவும் முடியவில்லை.

மாமன் முரடர் இல்லை. நிதானமாகத்தான் பேசினார். "எந்தங்கச்சி என்ன நோவுல போனான்னு இங்க யாருக்கும் தெரியாதுங்க. வயித்துல கட்டின்னு சொல்லி வெச்சிருக்கறோம். இப்ப புள்ளையக் கூட்டிட்டுப் போயி ஊசி போட்டா, எதுக்கு போடறீங்கன்னு நாலு பேரு கேக்க மாட்டாங்களா? நாளைக்கு அவளை ஒரு எடத்துல குடுக்கோணுமில்ல?"

"என் பொண்ணுக்கும் போட்டிருக்கேங்க. ரெண்டு ஊசியும் ஆயிடுச்சு. நல்லாத்தான் இருக்கா."

"நீங்க டவுன்காரங்க" என்றார் அந்த அம்மா. "அந்த ஊசி போட்டா புள்ளையே உண்டாகாதாமா. போன்ல வந்துது."

"அது பொய்ங்க."

"நீங்க டாக்டருங்களா?" என்று மாமன் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இல்லைங்க. கம்பெனியில ஸ்டோர்ஸ் பாக்கறேன்."

அதோடு நிறுத்திக்கொண்டேன். எத்தனையோ சொல்லியிருக்கலாம். சிஸ்டரைப் போனில் கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாம். அதெல்லாம் திரும்பி வரும்போதுதான் தோன்றியது.

அப்போது மாமன், "அதுவுமில்லாம, இந்த நோவு ஒழுங்கா இருக்கறவளுக்கு வராதுன்னு ஒருத்தரு சொன்னாரு. எந்தங்கச்சியப் பத்தி யாரும் அப்பிடிப் பேசிரக் கூடாது" என்றார்.

அண்ணா சட்டென்று எழுந்து நின்றார்.

"மச்சான், அவ மேல ஒரு குத்தமும் இல்ல. அது எங்கிட்டயிருந்து அவளுக்குப் போனது. நாந்தான். லாரிக்குப் போன காலத்துல நான் கண்ட எடத்துக்குப் போயிருக்கறேன். அவ தங்கம். அதனாலதான் சொல்றேன், கௌரிக்கு வரப்போறவன் எப்பிடின்னு நமக்கு என்ன தெரியும்? நானும் பாக்கறதுக்கு நல்லவனாத்தானே இருந்தேன்? நீங்க நம்பித்தானே குடுத்தீங்க?"

மாமன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா என் முன்னாலிருந்த காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"எந்திரிச்சாச்சில்ல? அப்பிடியே போயிரு" என்றார் மாமன். குரலை உயர்த்தவே இல்லை.

கௌரி உள்கதவருகே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. அவர் அவளைப் பார்த்ததும், "மகளே" என்று கன்னடத்தில் என்னவோ சொல்ல ஆரம்பித்தார். அவளும் கன்னடத்திலேயே சொன்னாள், மெதுவாக: "இன்மேலே பர்பேடி அப்பா." இனிமேல் வராதீங்க அப்பா.

பாலாறு செக்போஸ்ட்டில் காட்டிலாகா ஆள் பஸ்ஸில் ஏறி எல்லார் பையையும் திறந்து பார்த்தார். அவர் பையில் கௌரிக்கு வாங்கிய புதுச் சுடிதாரும் பிளாஸ்டிக் உறைக்குள் ஊசி அட்டையும் இருந்தன. அந்த ஆள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பைக்குள் வைத்தார். மலை ஏறும்போது அவர் கேட்டார்.

"நான் சொல்லியிருக்கக் கூடாதா அம்மிணி? மறச்சதுனாலதான அவ போனா?"

  அவர் பொய் சொல்லியிருந்தால் மாமன் ஒருவேளை இறங்கி வந்திருப்பார். அப்படி ஒரு பொய்யை அவரிடம் கேட்க எனக்கு என்ன உரிமை?

அதற்குப் பிறகு பஸ்ஸில் அவர் கேட்பது அதிகமாயிற்று. முன்பெல்லாம் ஒரு கூச்சம் இருக்கும். இப்போது ஒரே பெண்ணிடம் மூன்று தடவை கேட்பார். போட்டாச்சா? ஏன் போடவில்லை? வீட்டுக்காரர் நம்பர் கொடுங்கள், நான் பேசுகிறேன். ஒருத்தி அழுதுவிட்டாள். அடுத்த வாரம் மேலே புகார் போயிற்று, பஸ்ஸில் பெண்களிடம் அசிங்கமாகப் பேசுகிறார் என்று. என்னையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அந்தரங்க விஷயங்களைக் கேட்டாரா, இல்லையா? அது மட்டும் சொல்லுங்க மேடம்."

கேட்டார் என்றேன். எதற்குக் கேட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன். "அது பரவாயில்ல, நாங்க பாத்துக்கறோம்" என்று எழுதிக்கொண்டார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தபோது அவரைப் பார்க்காமல் மாடிப்படி பக்கமாக இறங்கிப் போனேன்.

மறுநாள் பஸ்ஸில் அவர் இல்லை. வீட்டையும் காலி செய்துவிட்டார் என்றார்கள். முதலுதவிப் பெட்டியில் நாப்கின் பாக்கெட் மட்டும் புதிதாக ஒன்று இருந்தது.

சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே ஊசி கூட நிறையப் பாதுகாப்புக் கொடுக்கிறது என்று இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள், பாதி நிம்மதியாகவாவது இருக்கச் சொல்லுங்கள் என்றார். சொல்வதற்கு அவர் நம்பர் வேலை செய்யவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து சேலத்தில் ஒரு கல்யாணம். கொள்ளேகாலில் மேட்டூர் போகும் தனியார் பஸ்ஸில் ஏறினேன். முன்னால் இடம் இருக்கிறதா என்று பார்த்தால், ஸ்டியரிங்கில் அவர். தலைமுடி வளர்ந்து முழுக்க நரைத்திருந்தது. "வாங்க அம்மிணி, அங்கேயே உக்காருங்க" என்று தனக்குப் பின்னாலிருந்த சீட்டைக் காட்டினார். புகாரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சிஸ்டர் சொன்னதைச் சொன்னேன். "ஒண்ணே போதுமாமா?" என்று கேட்டார். போதும் என்று சொல்லவில்லை, நிறையப் பாதுகாப்பு என்றுதான் சொன்னார்கள் என்றேன். தலையை ஆட்டினார்.

பாலாறு தாண்டி ஒரு நிறுத்தத்தில் நாலைந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறினார்கள். அதில் கௌரி இருந்தாள். உயரமாகிவிட்டாள். என்னை அடையாளம் தெரிந்ததோ என்னவோ, கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டு நேராகப் பின்னால் போய் உட்கார்ந்தாள். டிரைவர் பக்கம் திரும்பவே இல்லை. அவர் ரோட்டைப் பார்த்தபடி கியரைப் போட்டார். பள்ளிக்கூடத்தில் எல்லாரோடும் இறங்கிப் போய்விட்டாள்.

அப்போதுதான் கவனித்தேன். பஸ்ஸுக்குள்ளே பார்க்கிற கண்ணாடி கூரையைப் பார்த்து மேலே திருப்பப்பட்டிருந்தது.

"கண்ணாடியில பாத்தா, அடுத்த நாளு அவ இந்த பஸ்ல வர்றதில்லைங் அம்மிணி. அதனால பாக்கறதில்ல." கொஞ்ச தூரம் ஓட்டினார். "நீங்க பாத்தீங்கல்ல? மொகம் எப்பிடி இருக்குது?"

எண்ணெய் வைத்து ரெட்டைச் சடை பின்னியிருந்தாள் என்றேன். கையில் கணக்குப் புத்தகம் இருந்தது என்றேன். பக்கத்திலிருந்த பெண் ஏதோ சொன்னதற்குச் சிரித்தாள் என்றேன்.

"ஒடம்பு?"

"நல்லா இருக்கா அண்ணா" என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?